ஆலம்பரைக்குக் கூம்புக் கூரை வேண்டாம்

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால், கடப்பாக்கத்தில் வலப்பக்கமாக ஒரு கிளைச்சாலை பிரியும். அதன் முடிவில் காயலை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை கிடக்கிறது. 'நிற்கிறது' என்று எழுதக் கை வரவில்லை. மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் நாங்கள் நால்வர் அங்கே போயிருந்தோம். நால்வரில் ஒருவர் அண்மையில் வேல்ஸ் நாட்டிற்குச் சென்று திரும்பியவர். மதிலின் நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தபோது, அங்கே தாம் கண்ட காஸ்டெல் கோஹ் என்னும் மலைச்சரிவுக் கோட்டையின் படங்களைக் கைப்பேசியில் காட்டினார். காட்டிவிட்டு, "இதுவும் ஒரு காலத்தில் நம் ஆலம்பரைபோல இடிந்து கிடந்ததுதான். ஒரு பிரபு மனம் வைத்தார், எழுந்துவிட்டது. இங்கே யாராவது மனம் வைத்தால் ஆகாதா?" என்று கேட்டார்.

அந்நேரத்தில் எங்களில் யாரும் மறுக்கவில்லை. அந்தப் படங்களைப் பார்த்தபின் மறுப்பது எளிதும் அன்று. பகல் முழுதும் மதிலைச் சுற்றி வந்து, மாலையில் மரக்காணத்து அளங்களின் வழியே திரும்பும்போதுதான் மனம் மாறியது. ஏன் மாறியது என்பதை நண்பருக்குச் சொல்லும் பதிலாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். இதே ஆசை நம்மில் பலருக்கும் உண்டு என்பதனால் இது பொதுவிலும் வைக்கத் தக்கதே.

முதலில் அந்த வேல்ஸ் கோட்டைக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுவோம். கார்டிஃப் நகருக்கு வடக்கே, டாஃப் ஆறு மலைகளுக்கிடையே குறுகி இறங்கும் இடத்தில், டொங்வின்லைஸ் என்னும் சிற்றூருக்கு மேலே, காடு அடர்ந்த சரிவில் அது அமைந்திருக்கிறது. பெயருக்குச் 'செங்கோட்டை' என்று பொருள். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கில்பர்ட் டி கிளேர் என்னும் பிரபு, தாம் புதிதாகப் பிடித்த நிலத்தைக் காக்கக் கட்டியது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேல்ஸ் மக்களின் கிளர்ச்சியில் அது அழிக்கப்பட்டிருக்கலாம் என்பர். பிறகு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அடித்தளமும் கொஞ்சம் சுவரும் மட்டுமே எஞ்சிப் புதர் மண்டிக் கிடந்தது.

விக்டோரியா காலத்தில் அந்தப் புதர்க்காடு மூன்றாம் பியூட் பிரபுவின் உடைமையாக இருந்தது. தெற்கு வேல்ஸின் நிலக்கரியில் பெரும்பங்கு அவருடைய குடும்பத்தார் கட்டிய கார்டிஃப் துறைமுகத்தின் வழியாக உலகெங்கும் போனது. பிறந்து ஆறு மாதத்தில் தந்தையை இழந்து அவ்வளவு செல்வத்துக்கும் வாரிசானவர். இடைக்காலத்தின்மேல் தீராத மோகம் கொண்டவர். அவருக்கு வாய்த்த கட்டடக்கலைஞர் வில்லியம் பர்ஜெஸும் அதே மோகத்தில் மூழ்கியவர். (இந்த பர்ஜெஸ் நம் நாட்டுக்கும் ஒரு கட்டடம் வரைந்தவர். பம்பாய்க் கலைப்பள்ளிக்காக 1860களில் அவர் செய்த வடிவமைப்பு கட்டப்படாமலே போயிற்று.) இடிபாட்டை ஆராய்ந்து 1872இல் பர்ஜெஸ் ஓர் அறிக்கை தந்தார். அதில் இரண்டு வழிகள் சொல்லியிருந்தார்: உள்ளது உள்ளபடியே இடிபாட்டைக் காப்பது ஒன்று, கோடையில் எப்போதேனும் வந்து தங்கும் மாளிகையாக மீண்டும் எழுப்புவது மற்றொன்று. பிரபு இரண்டாவதைத் தேர்ந்தார். 1875இல் வேலை தொடங்கியது. பர்ஜெஸ் 1881இல் இறந்தார். அவரிடம் பணிசெய்தவர்கள் உள்வேலைகளை 1891இல் முடித்தார்கள்.

பருமனில் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும் மூன்று வட்டக் கோபுரங்கள், அவற்றின்மேல் கூர்ந்த கூம்புக் கூரைகள், நடுவே சிறு முற்றம், அதைச் சுற்றி மர நடை. தூக்குப்பாலம் தூக்கவும் இறக்கவும் வரும். இரும்புக்கட்டுக் கதவு மேலிருந்து இறங்கும். எந்தப் பகைவரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே அவ்வளவும் செய்தார்கள். வரவேற்பறையின் உயர்ந்த விதானத்தில் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் பறக்கின்றன. சுவர்களில் ஈசாப்பின் கதைகள். கணப்படுப்பின்மேல் மனித ஆயுளின் நூலை நூற்கும், அளக்கும், அறுக்கும் மூன்று தேவதைகள். வெளிச்சரிவில் திராட்சைத் தோட்டம் போட்டு, முதல் உலகப்போர் வரை மதுவும் வடித்தார்கள். இத்தனை செய்த பிரபு அங்கே தங்கிய நாட்களோ மிகச் சில. 1950இல் குடும்பத்தார் அதை அரசிடம் ஒப்படைத்தார்கள். அழகில் அதற்கு ஈடான போலி உலகில் அதிகம் இராது என்றே நினைக்கிறோம்.

போலி என்று சொல்வது நாங்கள் அல்லர். அது எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே இங்கிலாந்தில் இதுபற்றிப் பெரும் சண்டை நடந்தது. பழங்கட்டடத்தைப் புதுப்பித்தல் என்பதே பொய் என 1849இலேயே ரஸ்கின் கண்டித்திருந்தார். மாறாக, பிரான்சில் வியோலே-லெ-டுக், ஒரு கட்டடம் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி அதை நிறைவு செய்வதே புதுப்பித்தல் என்று கருதிக் கார்கசோன் மதில்களுக்குக் கூம்புகள் வைத்துக்கொண்டிருந்தார். பர்ஜெஸ் அந்தப் பக்கம். வேல்ஸ் நாட்டுக் கோபுரங்களுக்குக் கூம்புக் கூரை இருந்ததா என்று கேட்டவர்களுக்குச் சில பழஞ்சான்றுகளைக் காட்டினார். கண்ணுக்கு அழகாக இருக்கும் என்பதும் தம் காரணங்களில் ஒன்றென மறைக்காமல் சொன்னார். 1877இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். தேவாலயங்களின் சுவரைச் சுரண்டிப் புதிதாக்கும் வழக்கத்தை எதிர்த்ததனால் அச்சங்கத்துக்குச் 'சுரண்டல் எதிர்ப்பு' என்றே செல்லப்பெயர் வந்தது. நம் கோயில்களில் மணல்வீச்சால் கல்லைப் 'பளிச்'சென்று ஆக்கிக் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் மழுக்கிய கதையை அறிந்தவர்களுக்கு மாரிஸின் கோபம் எளிதில் புரியும். அவர் மரபில் வந்த எண்ணமே 1923இல் ஜான் மார்ஷல் எழுதிய பாதுகாப்புக் கையேட்டின் வழியாக நம் நாட்டுத் தொல்லியல் துறைக்கும் வந்து சேர்ந்தது. எனவே நண்பரின் கேள்வி புதியதன்று. நூற்றைம்பது ஆண்டுப் பழைய வழக்கு அது.

இனி ஆலம்பரை. இக்கரையில் மலை கிடையாது. மலைக்கோட்டை வேண்டுமென்றால் மேற்கே செஞ்சிக்குத்தான் போகவேண்டும். ஆலம்பரை கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே, மணலில் எழுந்த கோட்டை. 1735இல் அது ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் ஆட்சியில் இருந்தது. தோஸ்த் அலி 1740இல் தாமல்செருவுக் கணவாயில் மராத்தியருடன் பொருது மாண்டார். கோட்டையோடு ஒரு படகுத்துறை இருந்தது. ஏறத்தாழ நூறு மீட்டர் நீளத்துக்கு நீருக்குள் நீண்டிருந்தது என்பர். சரிகைத் துணியும் உப்பும் நெய்யும் அங்கிருந்து ஏறின என்று சொல்லப்படுகிறது. இவற்றையெல்லாம்விட ஆலம்பரைக்குப் பெயர் தந்தது அதன் நாணயச்சாலை. ஆலம்பரைக் காசுகள் அக்காலத்து வணிகர் கைகளில் புழங்கின. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுபவர்கள் இவ்வூர்ப் பெயரை அடிக்கடி எதிர்கொள்வார்கள்.

1750ஆம் ஆண்டு இக்கரையின் தலையெழுத்தையே புரட்டிய ஆண்டு. செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் செஞ்சியைப் பிடித்தார்கள். டிசம்பரில் நாசிர் ஜங் கொல்லப்பட்டு, முசாபர் ஜங் தக்காணத்தின் சுபேதார் ஆனார். அவரைத் தூக்கி நிறுத்திய புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்குக் கைம்மாறாகக் கிடைத்தவற்றுள் ஆலம்பரையும் ஒன்று. கொடுத்தவர் இரண்டு மாதத்தில், 1751 பிப்ரவரியில், கொல்லப்பட்டார். பெற்றவர் 1754இல் பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். கோட்டை மட்டும் பத்தாண்டுகள் பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் அயர் கூட் லாலியை முறியடித்தபின், புதுச்சேரிக்குப் போகும் வழியிலிருந்த அரண்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆங்கிலேயர் 'ஆலம்பர்வா' என்று எழுதிய இக்கோட்டையும் அவ்வாண்டே அவர்கள் வசமானது, அழிக்கவும்பட்டது. 1758இல் கடலூரின் புனித டேவிட் கோட்டையை லாலி தகர்த்ததும், 1761 ஜனவரியில் சரணடைந்த புதுச்சேரியின் அரணை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கியதும் இதன் முன்னும் பின்னும் நிகழ்ந்தவை. பிடித்த கோட்டையை வைத்துக்கொள்ள ஆளில்லாவிட்டால் பகைவனுக்கு மீண்டும் பயன்படாமல் இடித்துவிடுவது அன்றைய போர்க்கணக்கு.

இன்று ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்பை வளைத்துக் கிடக்கும் செங்கல் மதிலின் துண்டங்களையும், அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்களின் அடிப்பகுதிகளையும் காணலாம். செங்கற்களுக்கு இடையே தடித்த சுண்ணாம்புச் சாந்து. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, மணலுடன் அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது இக்கரையின் பழைய முறை. சில இடங்களில் செங்கல் தேய்ந்து உள்வாங்கியிருக்க, சாந்து மட்டும் தேன்கூட்டின் சட்டம்போலத் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தோம். மதிலின் சில பாகங்கள் சாய்ந்து, பெரும் பாளங்களாக மணலில் விழுந்து கிடக்கின்றன. சாந்தின் பிடி அவ்வளவு வலிமையானது. விழுந்த பின்னும் பிரியவில்லை. 2004 டிசம்பரின் பேரழிவும் தன் பங்கிற்குச் சிதைத்துவிட்டுப் போனது. மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வும் நடத்திய இடம் இது.

இங்கே ஒரு சிறு விலகல். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டுக்குள் பாணனுக்கு வழிசொல்லும் நத்தத்தனார், கடற்கரையில் எயிற்பட்டினம் என்னும் ஊரைக் காட்டுகிறார். மரக்காணமே அது என்பது அறிஞர் பலரின் கருத்து. 'எயில்' என்றால் மதில். மதிலைப் பெயரிலேயே கொண்ட பட்டினம் ஒன்று இங்கே இருந்திருக்கிறது. அதே பாட்டில் உமணர் உப்பு வண்டிகளோடு வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகளோடு பிள்ளையாய் வளர்ந்த மந்தியும் உடன் வருகிறது. அந்த எயிலின் ஒரு கல்லைக்கூட இன்று சுட்டிக்காட்ட முடியாது. உப்பு மட்டும் இன்றும் வண்டி ஏறுகிறது. மாட்டுவண்டிக்குப் பதில் லாரி, அவ்வளவே. இல்லாத எயிலைப் பாட்டின் வழியே மனத்தில் எழுப்பிப் பழகியவர்கள் நாம். இடிந்த கோட்டையைப் பார்க்கவும் அதே பழக்கம் உதவாதா என்று எங்களுக்குத் தோன்றியது.

விக்டோரியா காலம் இக்கரைக்கு ஒன்றும் தரவில்லையா என்றால், தந்தது. கோட்டை தரவில்லை, கால்வாய் தந்தது. வடக்கே ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணம்தான். 1806இல் காக்ரேன் என்பவர் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய் அது. 1877-78இல், தாது வருடப் பஞ்சத்தின்போது, சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டைப் பட்டினியாளர்கள் கூலிக்கு வெட்டினார்கள். அப்போதைய ஆளுநரின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. பக்கிங்காம் கோமகனான அவருடைய தந்தை, ஸ்டோ என்னும் பெருமாளிகையின் தட்டுமுட்டுச் சாமான்கள்வரை 1848இல் ஏலம் போகும் அளவுக்குக் கடனில் மூழ்கியவர் என்பது வேடிக்கையான உபரிச் செய்தி. உப்போ, 1805 முதல் சென்னை மாகாணத்தில் அரசின் தனியுரிமை. பியூட் பிரபு தூக்குப்பாலம் இறக்கி மகிழ்ந்த அதே ஆண்டுகளில் இங்கே வெட்டியதும் வாரியதும் இவை. ஆகவே, மரக்காணத்தருகே விக்டோரியா பாணிக் கோட்டை ஒன்றை இன்று எழுப்பிவைத்தால், வருகிற குழந்தைகளுக்கு நாம் சொல்வது இந்த ஊரின் கதையாக இராது.

நண்பரின் கட்சியில் நியாயமில்லை என்று சொல்லமாட்டோம். இடிபாட்டைப் பார்த்து நூறில் தொண்ணூறு பேருக்கு ஒன்றும் விளங்காது. அவர்களுக்கு அது படம் எடுத்துக்கொள்ளும் சுவர். சிலருக்குப் பெயர் கீறும் சுவர். முழுக் கோட்டையாக நின்றால் மரியாதை வரும், காவல் வரும், ஊராருக்கு வருமானமும் வரும் என்கிறார். கோயில்களைக் காலந்தோறும் திருப்பணி செய்து புதுப்பிப்பவர்கள்தாமே நாம், கோட்டைக்கு மட்டும் என்ன தீட்டு என்றும் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் கோயிலில் பூசை நடக்கிறது. அது வாழும் வீடு. வாழ்கிறவர்கள் வீட்டைச் செப்பனிடத்தான் செய்வார்கள். ஆலம்பரையின் வாழ்வு 1760இல் முடிந்தது. முடித்து வைக்கப்பட்டது என்பதே சரி. அந்தக் கோட்டையில் நடந்தவற்றுள் மிகப் பெரிய நிகழ்ச்சி அது இடிக்கப்பட்டதுதான். விழுந்து கிடக்கும் அந்தச் செங்கற்பாளங்கள்தாம் அதற்குச் சாட்சி. அவற்றை அள்ளி எறிந்துவிட்டுப் புதுமதில் எழுப்பினால், ஆங்கிலேயருடைய வெடிமருந்தால் முடியாததை நாமே செய்து முடித்தவர்கள் ஆவோம். தவிரவும், எதைப் பார்த்து எழுப்புவது? மதிலின் உயரமும் மேல்விளிம்பின் வடிவும் ஊகம். பர்ஜெஸின் ஊகத்துக்குப் பின்னால் ஒரு மேதையின் கையும் நிலக்கரிப் பணமும் இருந்தன. நம் ஊகத்துக்குப் பின்னால் இருக்கப்போவது குறைந்த தொகைக்கு எடுத்த ஒப்பந்தமும் சிமெண்டும்.

சிமெண்ட் என்றதும்தான் எங்கள் மனம் மாறிய இடத்துக்கு வருகிறோம். திரும்பும் வழியில் மரக்காணத்தில் அளத்துத் தொழிலாளி ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தோம். உப்பு எப்போது விளையும் என்ற எங்கள் கேள்விக்கு, "தண்ணி இருபத்தஞ்சு டிகிரி ஏறணும் சார். அதுக்கு மேல தண்ணி போற இடத்துலதான் உப்பு உக்காரும்" என்றார். போமே அளவையில் 25ஐ நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும் என்பதைத்தான் அவர் சொன்னார். பாத்தியில் நடக்கும் அதே காரியம் கோட்டைச் சுவருக்குள்ளும் நடக்கிறது. கீழிருந்து செங்கல் உறிஞ்சும் நீரும் காற்றோடு வந்து படியும் திவலையும் உப்பைக் கொண்டுவருகின்றன. நீர் எங்கே ஆவியாகிறதோ அங்கே உப்பு உட்காருகிறது. உட்காருவது துளைகளுக்குள் என்றால், படிகம் வளர வளரச் செங்கல் பொடிந்து உதிரும். சுண்ணாம்புச் சாந்து நீரை எளிதில் வெளியேற விடுவது, மென்மையானது, செங்கல்லுக்கு வரவேண்டிய அடியில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளும். சிமெண்டோ நீரை அடைக்கிறது. அடைபட்ட நீர் செங்கல் வழியாகவே வெளியேறுகிறது. உப்பு முழுதும் செங்கல்லுக்குள் உட்காருகிறது. இக்கரையில் உள்ள பழங்கட்டடம் ஒன்றில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். சிமெண்ட் பூசிய கோடுகள் அப்படியே நிற்க, அவற்றுக்கு இடையிலிருந்த பழஞ்செங்கல் சில ஆண்டுகளில் செந்தூளாய்க் கொட்டிக் குழி விழுந்திருந்தது. பூசியவர்கள் கெட்ட எண்ணத்தில் பூசவில்லை. பாதுகாக்கத்தான் பூசினார்கள்.

ஆகையால், கட்டவும் வேண்டாம், கைவிடவும் வேண்டாம். 1872இல் பர்ஜெஸ் சொல்லி, பிரபு தள்ளிய அந்த முதல் வழியே ஆலம்பரைக்குப் பொருந்தும். சுவரின் தலையில் மழைநீர் இறங்காதபடி சுண்ணாம்புக் காரையால் மூடுவது. வெடிப்பில் வேர் விட்ட செடிகளை, சுவரைப் பெயர்க்காமல் அகற்றுவது. சாயும் பகுதிக்கு அணை கொடுப்பது. அடியில் நீர் தேங்காமல் வாய்க்கால் எடுப்பது. செலவு அதிகமில்லை, ஆனால் ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் செய்தாகவேண்டிய வேலை. திறப்புவிழா நடத்த முடியாத வேலையும்கூட. எங்கேனும் புதுச்செங்கல் வைத்தே தீரவேண்டுமானால், கார்டிஃபிலிருந்தே ஒரு நல்ல பாடம் எடுத்துக்கொள்ளலாம். அதே பியூட் பிரபு, கார்டிஃப் கோட்டையில் ரோமானியர் காலத்து மதிலின்மேல் புதுமதில் எழுப்பியபோது, பழையது முடிந்து புதியது தொடங்கும் இடத்தில் செந்நிற வரி ஒன்று பதித்துப் பிரித்துக் காட்டினார். எது பழையது, எது நாம் வைத்தது என்று பார்ப்பவன் தானே அறிவான். கட்டித்தான் பார்க்க வேண்டும் என்று கைநமைச்சல் உள்ளவர்கள், முழுக் கோட்டையையும் துறையையும் மேசையளவு மாதிரியாகச் செய்து நுழைவிடத்தில் வைக்கட்டும். அதற்குக் கூம்பே வைத்தாலும் ஆட்சேபம் இல்லை.

இவ்வளவையும் வண்டியிலேயே நண்பரிடம் சொல்லிவிட்டோம். அவர் முழுதாக ஒப்பவில்லை. "சுண்ணாம்பு அரைக்க ஆள் எங்கே?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் உடனே பதில் இல்லை. கோயில் திருப்பணிகளில் இன்னும் சுண்ணாம்புச் சாந்து அரைக்கும் கொத்தனார்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரைச் சித்திரை பிறப்பதற்குள் ஆலம்பரைக்கு அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டுவது என்று அவரும் நாங்களுமாய் முடிவு செய்திருக்கிறோம்.